மூன்றாம் கட்டில், நான்காம் கட்டில்

6 மார்ச் 1994, ஞாயிறு
கட்டில்கள் வந்துவிட்டன. ஆறு. ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியபோது கழித்துப் போட்டவை. துருவைச் சுரண்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்து, கால்மாட்டில் நம்பர் எழுதினேன். முப்பத்தோரு வருஷம் அங்கே டிரசராக மருந்து கட்டியவனுக்கு வேறு எப்படி ஒரு இல்லம் நடத்தத் தெரியும்? ஓய்வாக இருக்கலாம் என்று மலாக்கா பக்கம் பத்து பெரண்டாமில் வாங்கிய வீடு. ஓய்வு இப்படி வந்திருக்கிறது.

வேலாயி பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு வீடு என்று சொல்லிவிட்டு வார்டு கட்டியிருக்கிறேன் என்றாள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். இங்கே சமையலும் அவள்தான், குறை சொல்வதும் அவள்தான்.

14 மார்ச்
முதல் இருவர். மோகனா, பதினொன்று. தம்பி கவிநேசன், மூன்று. இரண்டு பிரசவமும் நான் பார்த்தவை. தகப்பன் லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு வருஷம். தாய் போன மாதம் போய்விட்டாள். தோட்டத்தை விற்று லயத்து வீடுகளையும் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. மாமன் ஜொகூருக்குக் கிளம்புகிறவன், இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு லாரி காத்திருக்கிறது என்று ஓடினான்.

எடை: மோகனா 31 கிலோ, தம்பி 12. மூன்றாம் கட்டில், நான்காம் கட்டில்.

15 மார்ச்
காலையில் நான்காம் கட்டில் காலி. இருவரும் மூன்றில் கிடந்தார்கள். தனியாகப் படுத்துப் பழக வேண்டும் என்றேன். மோகனா தலையாட்டினாள்.

16 மார்ச்
நான்காம் கட்டில் காலி.

2 மே
ஆறு பேர் ஆகிவிட்டார்கள். வெல்பேர் ஆபீசர் வந்து குசினி, கக்கூஸ் எல்லாம் பார்த்தார். குறை சொல்லவில்லை.

மோகனா பள்ளி விட்டு வந்ததும் தம்பியை இடுப்பில் ஏற்றினால் இறக்குவதில்லை. வீட்டுப் பாடமும் அப்படியே எழுதுகிறாள். முதுகு கோணிவிடும் என்றேன். பழகிவிட்டதாம்.

5 ஜூன், ஞாயிறு
கிளேபாங்கிலிருந்து சிவசாமியும் மனைவி ராஜம்மாவும் வந்தார்கள். பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லை. அவர் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், சொந்த வீடு, குடிப்பழக்கம் கிடையாது. கவிநேசனைத் தத்துக் கேட்கிறார்கள். அக்காளையும் சேர்த்து எடுக்கலாமே என்றேன். வளர்ந்த பெண் ஒட்டமாட்டாள் என்று ராஜம்மா தயங்கினார். நியாயம்தான்.

வேலாயியிடம் சொன்னேன். அவள் தலை நிமிராமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

9 ஜூன்
நன்றாக யோசித்தாயிற்று. பையனுக்குத் தாய் தகப்பன் கிடைக்கும். அவளுக்கும் புத்தகம் பிடிக்க இரண்டு கையும் கிடைக்கும். ஒருவருக்கு வழி பிறக்கும்போது இருவரையும் பிடித்து வைப்பது என்ன புத்தி?

மோகனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிங்க ஐயா" என்றாள். கெட்டிக்காரப் பெண், சட்டென்று புரிந்துகொண்டாள்.

17 ஜூலை, ஞாயிறு
இன்று அழைத்துப் போனார்கள். மோகனா அவன் துணிகளை மடித்து வைத்திருந்தாள். ராஜம்மாவிடம் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள் – வெண்டைக்காய் தின்னமாட்டான், இடி இடித்தால் காதைப் பொத்திவிட வேண்டும், தலைக்கு ஊற்றும்போது கண்ணை மறைக்க வேண்டும். கடைசியாக, "அக்கா எங்கன்னு கேட்டா ஸ்கூல்ல இருக்கான்னு சொல்லுங்க ஆன்ட்டி. கொஞ்ச நாள்ல மறந்துருவான்."

ராஜம்மா அழுதார். மோகனா அழவில்லை. நல்லபடியாக முடிந்தது.

20 ஆகஸ்ட்
மோகனா 28 கிலோ. பூச்சி மருந்து கொடுத்தேன்.

27 ஆகஸ்ட்
இருபத்தேழரை. மறுபடி பூச்சி மருந்து எடுத்தபோது வேலாயி பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்தாள். "அவளுக்குப் பூச்சியும் இல்ல ஒன்னும் இல்ல. மருந்த நிறுத்துங்க லா, ஐயா."

5 நவம்பர்
கிளேபாங்கார் தீபாவளிப் பலகாரத்தோடு வந்தார்கள். பையன் பூசினாற்போல் இருக்கிறான், புதுச் சட்டை. ராஜம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். மோகனா முறுக்குத் தட்டை நீட்டினாள். அம்மா தலையசைத்த பிறகு எடுத்தான். போகும்போது அக்காவுக்கு டாட்டா சொல்லச் சொன்னார்கள். சொன்னான். அங்கே நின்ற எல்லா அக்காவுக்கும் சொன்னான்.

19 நவம்பர்
செர்காமிலிருந்து இருவர் வந்திருக்கிறார்கள். தாரணி, இரண்டு வயது. அண்ணன் வசந்தன், ஏழு. குழந்தை நாள் முழுக்க அழுகிறது. ஆளுக்கொரு நேரம் தூக்கிச் சமாளிக்கிறார்கள். மோகனா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறாள். அவள் இப்போது யாரையும் தூக்குவதில்லை.

22 நவம்பர்
நான் செய்தது தப்பு. இதை எழுத மூன்று நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். போய்ப் பையனைத் திருப்பிக் கேட்கலாமா? எந்த முகத்தோடு? அவனுக்கு அங்கே தாய் இருக்கிறாள். இரண்டாம் தடவையும் பிடுங்குவதா? – முடியாது. வெட்கமாக இருக்கிறது.

12 பிப்ரவரி 1995, ஞாயிறு
மலாக்கா டவுனிலிருந்து ஒரு டாக்டரும் மனைவியும். தாரணியைக் கேட்டார்கள். அண்ணனையும் சேர்த்தென்றால் சரி, தனியாகத் தருவதில்லை என்றேன். பையனுக்குப் படிப்புச் செலவு முழுவதும் தருகிறோம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. நல்ல மனிதர்கள். வருத்தத்தோடு காரில் ஏறினார்கள்.

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த மோகனா, கார் கேட்டைத் தாண்டும்வரை நின்றாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை. கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.