எழுபத்தொன்று

2024 மார்ச் 12
இன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: விழுந்த என் மகன் மோகனராஜ். அவன் பெண்சாதி சிந்துஜா. ஹந்தானையில் அந்தச் சுவரைக் கட்டும் மேசன் பாஸ், என் தம்பி கறுப்பையா. வீட்டுக்காரி ஆஸியா உம்மா. பத்து மணித் தேத்தண்ணி கொண்டுபோன நான். பிந்தி வந்தவன் த்ரீவீல்காரன் ஹாஷிம்.

சுவருக்குக் கட்டிய சாரத்திலிருந்து பின்பக்கமாக விழுந்தான். தலை கல்லில் பட்டது. தம்பி உடனே போனைக் காதில் வைத்தான். "ஹாஷிமுக்குச் சொல்லிட்டேன்க்கா, வர்றான். கொறட்டை விடுறான் பாரு, பயமில்ல."

பள்ளிக்கூடத்தில் பத்தரை மணி அடித்தது. அதற்கும் பிறகுதான் ஹாஷிம் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு வளைவில் வண்டியையும் நிறுத்தினான். இரண்டையும் மறக்கமாட்டேன்.

மார்ச் 13
ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவன் ரத்தத்தில் ஒக்சிஜன் எழுபத்தொன்றாம். தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாதாம். கொறட்டையோடு எவ்வளவு நேரம் கிடந்தான் என்று டாக்டர் கேட்டார். நாற்பது நிமிசம் என்றேன். எழுதிக்கொண்டார்.

அது தூக்கம் இல்லையாம். நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைத்த சத்தமாம். பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டிருந்தோமே.

மார்ச் 17
ஒக்சிஜனை அளக்க விரலில் கிளிப் மாட்டியிருக்கிறார்கள். அடுத்த கட்டில்காரனுக்கு நூறு. எங்களுக்குத் தொண்ணூற்றைந்து. ஏன் எங்களுக்கு மட்டும் குறைவு? நர்ஸ் நஸ்லியாவிடம் ஒக்சிஜனைக் கூட்டி வைக்கச் சொன்னேன்.

"இது சோதனை மார்க்ஸா அம்மா? அளவா இருக்கணும். தேவைக்கு மேல குடுத்தாலும் நல்லமில்ல."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18
தொண்ணூற்றாறு.

மார்ச் 24
கண்ணைத் திறந்தான். யாரையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 14
வருசப் பிறப்பு. பொங்கவில்லை. "இருப்பாரா அத்தை?" என்று சிந்துஜா கேட்டாள். ஆறு மாதம், ஒரு வருசம் போனால்தான் சொல்லலாம் என்கிறார் டாக்டர். அந்த நாற்பது நிமிசம் மூளைக்குள் என்ன செய்ததென்று யாருக்குத் தெரியும்.

ஹாஷிம் வேறு ஆளை ஏற்றி ஹயர் ஓடிவிட்டுத்தான் வந்தான் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மே 9
ஹாஷிம் வார்டுக்கு வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஊரெல்லாம் பேசுறீங்களே அம்மா, இதைப் பாருங்க."

போனை நீட்டினான். அன்றைக்கு வந்த கோல்களை அழிக்காமல் வைத்திருக்கிறான். தம்பி அவனைக் கூப்பிட்டது பத்து முப்பத்திரண்டுக்கு. எட்டே நிமிசத்தில் வந்திருக்கிறான்.

"வளைவுல ஏன் நிப்பாட்டுன?"

"கழுத்து மடிஞ்சு மூச்சு அடைச்சிச்சு. நாடியைப் பிடிச்சு மொகத்தைத் தூக்கி விட்டேன். நீங்க என் முதுகுலயே அடிச்சீங்க."

அடித்தேன். ஞாபகம் இருக்கிறது.

அப்படியென்றால் முதலில் தம்பி காதில் வைத்திருந்த போனில் யார்?

மே 10
கேட்டேன்.

"இந்த வேலையத் தந்த கொந்தராத்துக்காரர்தான்க்கா. பொலிஸ் கேஸ் ஆயிரும், நான் சொல்ற வரைக்கும் தூக்காதேன்னாரு. கொறட்டை விட்டானே, நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சேன்."

நிலத்தைப் பார்த்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. ஹாஷிம் வர்றான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியேடா. சொன்னியே.

மே 11
லயத்தில் கதவு கதவாகப் போய், ஹாஷிமைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2025 மார்ச் 12
ஒரு வருசம். மோகனராஜ் இருக்கிறான். சுவரைப் பிடித்து நடக்கிறான். தன் மகளின் பெயர் சில நாள் வாயில் வருகிறது, சில நாள் வருவதில்லை. இன்று கிளினிக்கில் விரலில் கிளிப் போட்டார்கள். தொண்ணூற்றெட்டு.

அவனைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது தம்பி. குளிப்பாட்டுவதும் அவன்தான், ஒரு வாரம் தவறியதில்லை. "விட்டுருங்க அத்தை, பாவம்" என்கிறாள் சிந்துஜா.

கொந்தராத்துக்காரன் என் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, அவனைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும். கொறட்டையைக் கேட்டுக்கொண்டு குந்தியிருந்த என்னையும் ஒருமாதிரி மன்னித்துவிட்டேன். அது மூச்சடைத்த சத்தமென்று எனக்குத் தெரியாது.

நாளைக்கும் வருவான். தேத்தண்ணி கொடுப்பேன். சீனியும் போடுவேன். ஆனால் மன்னிக்கமாட்டேன், என் கூடப்பிறந்த கறுப்பையாவை.