மூன்றாம் நம்பர் மலைக்கு நீ எழுதிய வாசகம்

நெல்லியாளம்
12.8.1979

அன்பு மகன் முத்துவேலுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் படுக்கையில் விழாமல் நடமாடுகிறோம், ஹட்டனில் நீயும் மருமகள் சின்னம்மையும் அதற்கு மேலேயே நன்றாக இருக்க வேண்டும். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று நீ எழுதியதை அப்பா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே, வாந்தி நிற்காவிட்டால் சீரகம் வறுத்துத் தண்ணீர் வைத்துக் கொடு. இங்கே மழை ஓயவில்லை, விறகு காயவில்லை, லயத்துக் கூரை அப்பா படுக்கிற பக்கம் பார்த்து ஒழுகுகிறது. சுகம் விசாரித்தாயிற்று, இனி எழுதுவது முழுக்கக் கோபம், உட்கார்ந்து படி.

எங்கள் தோட்டத்து மூன்றாம் நம்பர் மலையில் நடப்போகிற கல்லுக்கு நீ எழுதிய வாசகம் வந்து சேர்ந்தது. உங்க மகன் சிலோன்ல தமிழ் வாத்தியார்தானே, நல்லதா ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்க என்று ரைட்டர் கருணாகரன் கேட்டபோது உன் விலாசத்தை எவ்வளவு பெருமையாகக் கொடுத்தேன் தெரியுமா. திங்கட்கிழமை காலை ஆள் கூப்பிடுகிற பெரட்டில் எல்லார் முன்னாலும் அதை அவர் வாசித்தார். கானகத்தைக் கனகமாக்கி இத்தேயிலை மலையைப் படைத்தருளிய சிருஷ்டிகர்த்தா பெரியதுரை அவர்கள். அதற்குக் கீழே, உதவி, தொழிலாளர்கள். என் பக்கத்து வரிசையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கிற பாலாமணி, ஏக்கா, தொர மலையப் படைச்சப்ப நாம எல்லாம் எங்க போயிருந்தோம், சந்தைக்கா என்று கேட்டாள். பின்னாலிருந்து ஒருத்தி, அவரு குழி வெட்டுனாரு, நாம பக்கத்துல நின்னு குடை புடிச்சோம், அதான் உதவி என்றாள். பெரட்டே சிரித்தது. சிரித்தது துரையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

நீ இந்த மலையைப் பார்த்ததில்லை. உனக்குப் பிரஜாவுரிமை அங்கே கிடைத்தது, எங்களுக்கு இங்கே. ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி மண்டபம் முகாமில் கிடந்து இங்கே வந்து சேர்ந்தபோது மூன்றாம் நம்பர் என்று ஒரு மலையே இல்லை, காடும் அட்டையும்தான். ஆண்கள் மரம் சாய்த்து வேர் தோண்டினார்கள். உன் அப்பாவின் வலது கண் அப்போது மரச் சிம்பு தெறித்துப் போனது, தூசி விழுந்திருக்கிறது என்று உனக்கு எழுதச் சொன்னவர் அவர்தான். பெண்கள் நர்சரியில் இருந்தோம். தாய்ச்செடியில் ஒரு இலையும் ஒரு கணுவுமாக நறுக்கி, மண் நிரப்பிய பையில் ஊன்றி, வெயில் பட்டால் கருகும் தண்ணீர் கூடினால் அழுகும் என்று பச்சைப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தோம். வேர் பிடித்த கன்றுகளைத் தலையில் சுமந்து மேலே கொண்டுபோய் நட்டோம்.

நீ படித்தவன், வார்த்தைகளை எடை பார்த்துப் போடுகிறவன் என்று நினைத்திருந்தேன். சோறு ஆக்குகிறோம், புகையில் கண் எரிகிறது. வேலி கட்டுகிறோம், கை கிழிகிறது. கன்று வளர்க்கிறோம், இடுப்பு போகிறது. பிள்ளை உண்டாகிறது, உயிரே போய்த் திரும்புகிறது. நம் பேச்சில் ஒன்றைச் செய்வதற்கு இருக்கிற எந்த வார்த்தையை எடுத்தாலும் அதில் ஒரு வலி இருக்கிறது. படைப்பதற்கு மட்டும் வலி இல்லை, சாமி நினைத்தால் போதும். அந்த வார்த்தையைத் தூக்கித் துரைக்குக் கொடுத்திருக்கிறாய். நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இந்தப் பிள்ளையைச் சிருஷ்டித்தவர் டாக்டர், உதவி சின்னம்மை என்று போர்டு வைத்தால் உன் பெண்சாதி சும்மா இருப்பாளா, அவளிடமே கேள். முதல் கொழுந்து எடுத்த அன்று மலை மூலையில் கல் நட்டு மஞ்சள் பூசி, சிலோனில் செய்தது போலவே கொழுந்துசாமி வைத்தோம். அந்தச் சாமியைக்கூட மலையைப் படைத்தவர் என்று நாங்கள் சொல்லவில்லை, காவல் என்றுதான் சொன்னோம். அதன் பக்கத்தில்தான் உன் கல்லும் வரப்போகிறது.

மேனேஜர் துரை கெட்டவர் என்று நான் எழுதவில்லை. காட்டை நடந்து அளந்தவர் அவர், எந்தச் சரிவில் நடலாம் என்று சொன்னவரும் அவர், மழைக்குத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தார். அதற்கெல்லாம் தமிழில் வார்த்தை இருக்கிறது. திட்டம் போட்டவர் என்று எழுது, தொடங்கி வைத்தவர் என்று எழுது, ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.

கருணாகரனிடம் போய் மாற்றச் சொன்னேன். ஒரு வாக்கல்லே சேச்சி, ஒரே ஒரு வார்த்தைதானே, இதுக்கா இத்தனை கோபம், எழுதின ஆளே வேறே எழுதி அனுப்பினா துரைகிட்ட கொடுக்கலாம், நானா மாத்த முடியாது என்றார். கல்தச்சன் ஆவணிக் கடைசியில் வருகிறான். அப்பா உன் கட்சி. விடு தெய்வம்மா, பய பெருசா எழுதணும்னு எழுதிட்டான் என்கிறார். அவருக்கு இருக்கிற ஒரு கண்ணிலும் மகன் செய்தது தப்பாகத் தெரியாது.

மறுநாள் பெரட்டில், என் மகன் அந்த வாசகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான், வேறு எழுதி அனுப்புகிறான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அதுக்குள்ள கடுதாசி சிலோன் போயித் திரும்பிருச்சா, றெக்க கட்டி வந்துச்சாக்கா என்று பாலாமணி கேட்டாள். ஆமாம் என்றேன். நீ வாங்கிக்கொள்ளவில்லை என்பது இன்று வரை எனக்கு மட்டும்தான் தெரியும், இதைப் படித்தபின் உனக்கும் தெரியும். ஆவணி முடியுமுன் உன் கையெழுத்தில் வேறு வாசகம் வந்தால் நான் உண்மை சொன்னவள். வராவிட்டால் அந்த மலையில் தினமும் உன் கல்லைத் தாண்டித்தான் நிரைக்குப் போகவேண்டும், பாலாமணி கூடவே வருவாள்.

மருமகளுக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், மாரியாத்தா சுகப்பிரசவமாகத் தாயையும் பிள்ளையையும் வேறு வேறாக்கிக் கையில் கொடுக்கட்டும். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, கோபம் அதைத் தடுக்காது. மறந்துவிடாதே, படைத்தவரை எடுக்கும்போது அந்த உதவியையும் சேர்த்து எடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
எ. தெய்வம்மா