ஜன்னலோரத்து மரமும் அம்மாவின் கண்ணும்

அன்புள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், என் தொந்தி என்னைவிட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் நலம் என்று எழுதப் போனேன், அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லக்கூடாதா என்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் போனில் குசுகுசுத்தால் உன் அம்மா சமையலறையிலிருந்தே பதில் சொல்வாள், காது அப்படி. மூன்று மாதமாக நீ அனுப்பும் செய்தி எதற்கும் அம்மா பதில் போடவில்லை, போனில் பேசினாலும் இரண்டு வார்த்தையோடு என்னிடம் கொடுத்துவிடுகிறாள், வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நீ சொன்னதற்கு இன்னும் கோபமா என்று கேட்டிருந்தாய். கோபமே இல்லை. கோபத்தை மூன்று மாதம் கட்டிவைக்கிற ஆளா அவள், மூன்று நிமிஷத்தில் என் தலையில் கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளுக்கு எழுத்து தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இருப்பதால் இந்த வயதிலேயே வந்துவிட்டது என்கிறார் டாக்டர். உன் செய்திகளை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். "இவ ஏன் எழுத்தைக் கடுகு மாதிரி அனுப்புறா?" என்று உன்னைத் திட்டிவிட்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வாள். அதிகம் பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், லீவைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று பயந்துதான் போனை என் கையில் திணிக்கிறாள். இதை இத்தனை நாள் மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு, என் பங்குதான் பெரியது, கேள்.

உன் அப்பனின் மர வண்டவாளம் உனக்குத் தெரியாததல்ல. இருபது வருஷமாகப் படத்தில் மலை போடுகிறேன், ஏரி போடுகிறேன், வானம் போடுகிறேன், மரம் வரவேண்டிய இடத்தில் மட்டும் பனிமூட்டம் போட்டுவிடுவேன். உங்கள் பனியில் ஒரு மர்மம் இருக்கிறது சார் என்று ஒருவர் பாராட்டினார், பணிவோடு வாங்கிக்கொண்டேன், மர்மம் என்னவென்று சொல்லவில்லை. படங்களுக்குச் சட்டம் போடுகிற நம் கடைக்காரர் சும்மா இருக்கக்கூடாதா, புதிதாகக் கட்டிய நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்கு ஐந்து பெரிய படங்கள், அத்தனையும் மரம், என் தம்பி மாதிரி ஒருத்தர் இருக்கார் என்று எனக்காக அவரே ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நம் ஜன்னலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்கிற மரத்தைப் பார்த்து ஆரம்பித்தேன். மெல்லிய தூரிகையை எடுத்து ஒவ்வொரு இலையாக வைத்தேன், பதினோரு நாள், கழுத்து பிடித்துக்கொண்டது. முடித்துக் காட்டினால் உன் அம்மா, "கீரைக்கட்டு நல்லா வந்திருக்கு" என்றாள். சரி, இலையே வேண்டாம் என்று பஞ்சை எடுத்து ஒற்றி ஒற்றி இன்னொன்று போட்டேன். கடைக்காரர் வந்து பார்த்தார். "என்ன சார், குச்சியில பஞ்சுமிட்டாயைச் செருகி வச்சிருக்கீங்க? படிக்க வர்ற பிள்ளைங்க நக்கிடப் போகுது." அதோடு விட்டாரா, பச்சையைப் பார்த்து பிளாஸ்டிக் வாளி ஞாபகம் வருகிறது என்றும் சொன்னார். டியூபிலிருந்து பிதுக்கி அப்படியே பூசியிருந்தேன், ரோஷப்பட முடியவில்லை.

அன்றைக்குத்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஜன்னலில் நின்ற உன் அம்மா, "இதுல என்ன கஷ்டம்ங்க? மூணு குவியல் இருக்கு. மேல இருக்கறது மஞ்சளா, நடுவுல இருக்கறது நல்ல இருட்டா, கீழ இருக்கறது பழுப்பா. நடுவுல ரெண்டு மூணு இடத்துல வானம் தெரியுது, அவ்வளவுதானே" என்றாள். இலை எங்கே என்றேன். "இலையா, அங்க இலை வேற தெரியுதா உங்களுக்கு?" என்றாள். நான் சிரித்தேன். பிறகு அவள் சொன்னபடியே போட்டேன். பச்சையில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து அதன் கொழுப்பை அடக்கி, முதலில் இருட்டு, அதன்மேல் வெளிச்சம், கடைசியில் வானத்தால் ஓட்டைகள். பட்டாணி, மரம் நின்றது! என் வாழ்க்கையில் முதல் முறையாக, காற்றடித்தால் ஆடும் என்று நம்பத்தக்க மரம். அதிலிருந்து தினமும் காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்துவிடுவேன். அவளும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இன்னிக்கு வலது பக்கம் கனமா இருக்கு, அந்தக் கிளையைத் தூக்குங்க என்று அதிகாரம் பண்ணுவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் படத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

ஒருநாள் அவள் டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மரம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவளே தள்ளிப் போட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உன் இஷ்டம் என்றேன். அவள் இஷ்டமும் என் இஷ்டமும் ஒன்றாக இருக்கும்போது மட்டும் இந்த வார்த்தை என் வாயில் தாராளமாக வரும். இரண்டாவது தேதியும் இப்படியே போயிற்று. வெட்கக்கேடு இதோடு முடியவில்லை. மூன்றாவது மரம் முடிவதற்குள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு குவியல் குவியலாகப் பார்க்க எனக்கே பழகிவிட்டது. இனி அவள் கண் எனக்குத் தேவையில்லை என்று தெரிந்தும் நாற்காலியைப் போட்டேன். அவள் அங்கே உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை, பட்டையின் நிறத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று பழுப்புச் சட்டையோடு இறங்கிப் போய் மரத்தடியில் நின்றேன். அண்ணாந்து பார்த்தால் ஜன்னலில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கை ஆட்டினேன். பதில் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். மேலே வந்ததும் ரொம்ப உற்சாகமாகச் சொன்னாள்: "இன்னிக்கு அடிமரம் ரெண்டா தெரிஞ்சுதுங்க, ஒண்ணு குட்டையா, நடுவுல புடைச்சுக்கிட்டு. காத்துல ஆடிச்சு பாருங்க, அதையும் போடுங்க, நல்லாயிருக்கும்." மரம் மாதிரி நிக்காதீங்க என்று வாரத்துக்கு நாலு தரம் திட்டுகிறவள்தான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பட்டாணி. முகத்தைக் கழுவுகிற சாக்கில் குழாயடியில் வெகுநேரம் நின்றேன்.

அன்றைக்கே போய் நாள் வாங்கிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை காலை வலது கண், அடுத்த மாதம் இடது கண். நாலு மரம்தான் தயார், ஐந்தாவதுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நூலகத்திலும் சொல்லியாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கண்ணு சரியாயிட்டா அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடப் போறீங்க?" என்றாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது, ஆனால் ஒரே துண்டை மூன்று தரம் மடித்தாள். மூன்றாவது மரத்திலிருந்தே எனக்குத் தானாக வருகிறது, சும்மாதான் கூப்பிட்டேன், உன் கண்ணை வைத்து விளையாடிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தத் துண்டை அடுக்கின்மேல் வைத்துத் தட்டினாள். நன்றாகத் தெரிந்த பிறகும் வந்து உட்கார், தப்பையெல்லாம் சொல் என்றேன். "உங்க தப்பைச் சொல்றதுக்குக் கண்ணு எதுக்கு?" என்றாள். பிறகு, ஆஸ்பத்திரிக்கு எந்தப் பையை எடுத்துப்போவது என்று கேட்டாள்.

நீ ஓடிவரவேண்டாம், கடைக்காரரின் மனைவி துணைக்கு இருக்கிறேன் என்றிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் போன் செய், என்னிடம் கொடுக்க விடாதே, உன் வீட்டுக் குழாய் ஒழுகுவது வரைக்கும் சொல்லி அவளைப் பிடித்துவை. பயந்துபோயிருக்கிறாள், கேட்டால் இல்லை என்பாள். கண்ணைப் பற்றிய பேச்சை நீயாக எடுக்காதே என்று எழுத இருந்தேன், அதற்குள் பின்னால் வந்து நின்று, இவ்வளவு நீளமா யாருக்கு என்றாள். உன்னைப் பற்றி மகளிடம் கோள் சொல்கிறேன் என்றேன். "எல்லாத்தையும் சொல்லிடுங்க. நான் கோவமா இருக்கேன்னு மட்டும் புள்ளை நினைச்சுக்கிட்டு இருக்கக்கூடாது" என்றாள். ஆகையால் ரகசியம் ஒன்றும் இல்லை, தாராளமாகக் கேள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, தாயே. புதன்கிழமை, சாயங்காலம், மறக்காதே. பேனாவை அவளும் வாங்கினாள், காலி இடத்தை விரல் வைத்துக் காட்டினேன், இருந்தும் அவள் எழுதிய "கோவமில்லடி" என் கையெழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அடியில் தெரிவது நான்.

இப்படிக்கு,
உன் அப்பா