டாக்டரிடம் நான் சொல்லாதது

ஐப்பசி 14, செவ்வாய். இரவு.

கால் நரம்பு வலிக்கு மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வலி அடங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் அடங்கிவிட்டது. ஆசை வருகிறது, உடம்பு வரமாட்டேன் என்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் சாந்தாமணியிடம் அசதி என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

இன்று சித்தூர் மலையாள டாக்டர், "வேற புத்திமுட்டு, தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். சாந்தாமணி தரையைப் பார்த்தாள். வேலந்தாவளம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே மாட்டுக்கு விலை பேசி முடிக்கிற தரகன் நான். இதைச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, விரலும் இல்லை.

வெளியே வந்ததும் அவள், "குடைய உள்ள வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்று திரும்பிப் போனாள். வர நேரமானது. கையில் வேறு சீட்டு இருந்தது.

"மெதுவாக் கொறச்சுட்டு வேற மாத்திரை தருவாங்களாமா. நீங்களா நிறுத்தப்படாதாமா."

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாத்திரைனாலதான்னு அவரு சொன்னப்பொறம்தானுங்க எனக்கு உசுரே வந்துச்சு. என்னையப் புடிக்காமப் போயிருச்சோன்னு இருந்தனுங்க."

மூன்று மாதம். நான் என் மானத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

தூக்கம் வரவில்லை. அவளும் தூங்கவில்லை, வளையல் சத்தம் கேட்கிறது. டாக்டரிடம் எந்த வார்த்தையில் சொல்லியிருப்பாள்?

இன்று நாங்கள் குடையே கொண்டு போகவில்லை.