கசகசாவை வைத்தது நான்தான் அம்மா

எனக்காகப் பொய் சொல்லி, அந்தப் பொய்யோடேயே போய்ச் சேர்ந்த என் அம்மாவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பழியை நீ தெருவே பார்க்க ஏற்றுக்கொண்டாய். அதை உன் தலையிலிருந்து இறக்குவதும் நாலு பேர் பார்க்கத்தான் நடக்க வேண்டும்.

முதலில் சேதி. எனக்கும் பாப்பாவுக்கும் விசா வந்துவிட்டது. உன் மருமகன் தம்மாம் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீடு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, நாங்கள் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் நம் தெருவுக்குள் ஆட்டோ நுழையாது என்று வியாழக்கிழமையே சென்னைக்குக் கிளம்புகிறோம். ஆமாம், சவுதிதான். அண்ணனை ஏழு மாதம் உள்ளே வைத்து, கட்டின துணியோடு திருப்பி அனுப்பிய அதே நாடுதான். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஒரு வாரமாகக் கூடம் முழுக்கப் பெட்டிதான். இட்லிக்குண்டானை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன். எதிர்வீட்டு ஷமீம் அக்கா ஜித்தாவில் எட்டு வருடம் இருந்து வந்தவர். அவரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "அங்க எல்லாம் கெடைக்கும்டி. புளியிலேருந்து முருங்கைக்கா வரைக்கும் கெடைக்கும். மாத்திரைக்கு மட்டும் டாக்டர் சீட்டு வெச்சுக்கோ. அப்பறம் உன் வாய இங்கயே வெச்சுட்டுப் போ." விபூதி கொண்டுபோகலாமா, வெள்ளைப் பொடியாயிற்றே என்று கேட்டேன். சிரித்துவிட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டு போ, டப்பாவில் வேண்டாம் என்றார்.

விபூதியும் இட்லிக்குண்டானும் எனக்கு ஒரு கவலையே இல்லை அம்மா. மாசியில் உன் வருஷத் திதி வருகிறது. செய்ய மாட்டேன் என்று அண்ணன் முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டான். "பதினாறாம் நாள் செஞ்சேன்ல? அது ஊருக்காவ. அதோட முடிஞ்சுது." நான் விமானம் ஏறுவதற்குள் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், அவன் மனசு மாறி உனக்கு ஒரு பிடி சோறு படைப்பான். அந்த ஒன்றைத்தான் இந்த வாரம் முழுக்க நெஞ்சில் வைத்துக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் சவுதிக்குக் கிளம்பினான். நாம் பாயசத்திலும் கறிக்குழம்பிலும் அரைத்து ஊற்றுகிற கசகசா அங்கே போதைப்பொருள். ஏஜென்ட் இதைச் சொன்னான். நீ என்னிடம் மூன்று தரம் சொன்னாய். "அத மட்டும் வெச்சுடாதடி, புள்ள கம்பி எண்ணணும்." எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, எல்லாம் தெரிந்த வயது. ஐயப்பட்டுச் சாகிறவள் என்று உன்னைக் கேலி செய்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "கசகசா அரைக்காத கொழம்பு ஒரு கொழம்பா? அங்க போயி என்னாத்தத் தின்றது?" என்று புலம்பினான். நான் உருகிப்போனேன். இரண்டு கைப்பிடி கசகசாவைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, சிந்தாமல் இருக்கட்டும் என்று நீ அரைத்துவைத்த மிளகாய்த்தூள் கவருக்குள்ளே ஆழமாகப் புதைத்தேன். சிந்தக் கூடாது என்றுதான் புதைத்தேன் அம்மா. அங்கே பெட்டியைப் பிரித்தவர்களுக்கு அது ஒளித்துவைத்ததாகத் தெரிந்தது. வேறு எப்படித் தெரியும்?

அவனைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அவனோடு போன ஆள் போன் செய்து சொன்னபோது என் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. சம்பந்தி வீட்டார் சேதி கேள்விப்பட்டு மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யார் வைத்தது என்று அவர்கள் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நான்தாங்க. படிக்காதவ, தெரியாம வெச்சுட்டேன்." கூடப் பிறந்தவனை ஜெயிலுக்கு அனுப்பியவளை எந்த வீட்டில் மருமகளாக எடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. "ஏம்மா, ஏஜென்ட் அவ்ளோ சொல்லியும் உனக்கு அறிவில்லையா?" என்று அத்தனை பேர் முன்னால் உன்னைக் கத்தினேன். நடிப்பு நன்றாகத்தான் வந்தது. மாமியார் என் கையைப் பிடித்து, விடும்மா, பெத்தவங்கதானே என்று சமாதானம் சொன்னார்.

அண்ணன் திரும்பி வந்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்தரை வருடம் உன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கவில்லை. அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது நீ ரசம் வைத்தாய். அவன் சட்டியோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தான். பரோட்டா வாங்கிவந்து உன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். நீ அவனுக்குத் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு, அவன் தொடாத சொம்பை நீயே எடுத்துக் குடித்தாய். உன்னை அவன் அம்மா என்று கூப்பிட்டு நான் பிறகு கேட்டதே இல்லை. "அவங்க சாப்ட்டாங்களா?" என்று அண்ணியிடம் கேட்பான்.

நீயும் ஒன்றும் சாதுவில்லை. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கசகசாப் பாயசம்தான் வைப்பாய். பெரிய டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கிறவரை பார்ப்பாய். "அடியில நிக்குது பாரு, அதயும் வழிச்சுக் குடி." வேறு ஒரு வார்த்தை கிடையாது. அது பாசமா தண்டனையா? உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, குடித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடிக்கப் போனாய். டிரிப்ஸ் இறங்குகிறதா என்று பார்ப்பவன் போல அவன் நகர்ந்துகொண்டான். நான் கட்டிலின் இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். அப்போதும் சொல்ல நேரம் இருந்தது. சொல்லாமல் உனக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

நேற்று மத்தியானம் அண்ணன் வந்தான். "பொட்டிய நான் பாக்காம நீ கெளம்பக் கூடாது" என்று முன்பே சொல்லியிருந்தான். கட்டி முடித்த நாலு பெட்டியையும் தரையில் கொட்டினான். சாம்பார்ப் பொடியைத் தாம்பாளத்தில் பரப்பி, கல் பொறுக்குகிற மாதிரி விரலால் கிளறினான். ரவையை மோந்து பார்த்தான். பாப்பாவின் பொம்மையைக்கூட அமுக்கிப் பார்த்தான். அதன் தையலையும் நகத்தால் நெருடினான். அது என் வேலை அம்மா, அந்தப் பயம்.

என் புடவைகளுக்கு நடுவில் உன் படம் இருந்தது. அவன் வீட்டுச் சுவரில் மாட்டாத படம். அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"இது இன்னாத்துக்கு?"

"அம்மா படம்ணா."

"போற எடத்துலயுமா?"

அப்போதுதான் சொன்னேன். நின்றபடியே, தரையைப் பார்த்தபடியே, கசகசாவை வைத்தது நான் என்று சொன்னேன். அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும்" என்றான்.

"ஏர்போர்ட்டுல பொட்டலத்த டேபிள் மேல வெச்சு, இது யார் எழுத்துன்னு கேட்டாங்க. 'அண்ணா, கொழம்புக்கு அரைச்சுக்கோ'ன்னு பேனாவுல எழுதியிருந்த நீ. நம்ம வூட்டுல அவங்களுக்குக் கையெழுத்துப் போடவே வராது, ரேகதான வெப்பாங்க."

எழுதியது எனக்கே மறந்துபோயிருந்தது. "அப்ப ஏண்ணா அம்மாவ அப்படிப் பண்ண?"

"நீ பண்ணது தப்பு. அது தெரியாமப் பண்ணது, போவட்டும். நான் ஜெயில்ல இருந்து வந்து வாசல்ல நின்னுக்கினு, யாரும்மா வெச்சதுன்னு கேட்டேன். நான்தான்டான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. உனக்குக் கல்யாணம் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு. அப்பக்கூட எங்கிட்ட நெசம் வரல. ஒரு தரம் சொல்லியிருந்தா அன்னிக்கே அந்தக் கையால சாப்ட்டிருப்பேன். இன்னிக்கிச் சொல்லுவாங்க, நாளைக்கிச் சொல்லுவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"நீயாவது எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றான். "சொல்லல."

திதியைப் பற்றிக் கேட்டேன். அதற்காகத்தானே அத்தனையும்.

"செய்ய மாட்டேன். செத்தவங்களுக்குப் படைக்கணும்னா, உயிரோட இருக்கும்போது அவங்க கையால வாங்கித் தின்னிருக்கணும். அந்த யோக்கியத எனக்கும் இல்ல, தின்னுக்கினே நெசத்த மறச்ச உனக்கும் இல்ல."

அதன் பிறகு அவனே எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினான். என்னைவிட நேர்த்தியாக அடுக்கினான். எடை பார்த்தான், பூட்டினான், சாவியைக் கையில் கொடுத்தான். காப்பி போட்டு வைத்தேன், குடிக்காமல் போய்விட்டான். உன் இடத்துக்கு நான் வந்துவிட்டேன் என்று அப்போது புரிந்தது.

உன் மருமகனுக்கும் போனில் சொல்லிவிட்டேன். "டிக்கெட்ட கேன்சல் பண்ணாத" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அங்கே போய் இறங்கியதும் என்ன பேசுவார்? தெரியவில்லை.

நீ என்னைக் காப்பாற்றினாய் என்றுதான் இத்தனை வருடம் நம்பினேன். இல்லை அம்மா. என் வாயைக் கட்டிப்போட்டாய், அவன் வயிற்றைக் கட்டிப்போட்டாய், நீ பட்டினி கிடந்தாய். இதைச் சொல்வதற்கு எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் உன் மேல் கோபமாக இருக்கிறது. நீ இல்லாமல் போனதற்கும் சேர்த்துக் கோபமாக இருக்கிறது.

அண்ணன் பேசியதையெல்லாம் பாப்பா கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு வந்து, "நீ பொய் சொன்னியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஆயாவும் சொன்னாங்களா?" ஆமாம் என்றேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் பெண் நாளைக்கு ஒரு தப்புச் செய்தால், அவள் கல்யாணமே நின்றுபோகும் என்றாலும், அவளை முந்திக்கொண்டு "நான்தான்" என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் நிற்பேன். கையைப் பிடித்துக்கொள்வேன். அவள் வாயால் அவளே சொல்லட்டும். நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ய மாட்டேன் அம்மா.

ஊர் முன்னால் உன்னைத் திட்டிவிட்டு வாழப் போன
உன் மகள்,
செல்வி