எதிர்வீட்டுச் செய்தித்தாள்

நவம்பர் 3, திங்கள்

சபையின் புத்தக அறையில் இன்று புதுப் பெட்டியைப் பிரித்தேன். கேட்டதில் பாதிதான் வந்திருக்கிறது. அதையே வாசிக்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம். விசுவாசத்தில் வளர, இரக்கம் பழக, நீதிக்காக நிற்க என்று மாதம் ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்து, சபைப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதுவது பல வருடமாக என் வேலை. சம்பளம் காபியும் ஏலக்காய் பன்னும்.

கணவர் ஓலவி போன பிறகு வரும் முதல் நவம்பர் இது. சனிக்கிழமை, சகல பரிசுத்தவான்கள் தினம். கல்லறையில் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். தெரிந்தவர்கள் எல்லோரும் தூரத்திலேயே தலையசைத்துவிட்டு விலகிப் போனார்கள். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமலிருப்பது எங்கள் பின்லாந்தில் மரியாதை. அந்த மரியாதை எனக்கு அலுத்துவிட்டது.

நவம்பர் 6

இன்று நான் வாய் திறந்து சொன்ன ஒரே வார்த்தை ‘நன்றி’. மளிகைக் கடைப் பெண்ணிடம்.

நவம்பர் 11, செவ்வாய்

சபையின் வாசிப்பு வட்டத்துக்கு என்னையும் சேர்த்து நான்கு பேர். புதுப் புத்தகத்தின் முதல் அத்தியாயக் கடைசியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: இதுவரை அடிக்காத ஒரு வீட்டு மணியை இந்த வாரம் அடியுங்கள். எல்லோரிடமும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியது நான்தான்.

சபையின் உதவிப் பணிகளைப் பார்க்கும் மார்கெட்டா விடுவாளா?

“நீ யார் வீட்டு மணிய அடிக்கப்போற, ஹில்லெவி?”

“எதிர்வீட்டு டைஸ்டோ.”

“அந்த சிடுமூஞ்சியா! அவரு உன் வீட்ல வந்து ஒரு கப் காபி குடிக்கட்டும், நான் கேக்கே செஞ்சு தரேன்.”

டைஸ்டோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனி ஆள். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். எதிரெதிரே இத்தனை காலம் குடியிருந்து எங்களுக்குள் இருப்பது ஒரே ஒரு ஒப்பந்தம். வெளியே கிளம்பும் முன் கதவில் காது வைப்பது. படிக்கட்டில் ஆள் அரவம் கேட்டால், போகும்வரை உள்ளேயே நிற்பது. யாரும் யாரிடமும் மாட்டிக்கொள்ள வேண்டாம் அல்லவா? இந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். நானும் அவரும் கோட்டு போட்டபடி, ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால் நின்றே எத்தனையோ பேருந்துகளை விட்டிருக்கிறோம்.

நவம்பர் 13

மணி வரை விரலைக் கொண்டுபோனேன். என்ன சொல்வது? புத்தகத்தில் போட்டிருந்தது, அதனால் வந்தேன் என்றா? திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

டைஸ்டோவின் செய்தித்தாள் கதவின் தபால் துளையில் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். எந்த ஊருக்கு? அவர் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லையே.

மாலையில் வட்டத்தில் இரக்கத்தைப் பற்றி நன்றாகப் பேசினேன். ஒருவர் குறிப்புகூட எடுத்துக்கொண்டார். “மணி அடிச்சியா?” என்றாள் மார்கெட்டா. “சந்தர்ப்பம் அமையல” என்றேன். திரும்பி வந்தபோதும் தாள் அப்படியே இருந்தது. அவர் வாசலில் கொஞ்சம் நின்றேன். பிறகு என் வீட்டுக்குள் போய்விட்டேன்.

நவம்பர் 19



காலையில் பார்த்தால் துளையில் இரண்டு தாள். உள்ளே ஒரு இருமல். ஆள் இருக்கிறார் — அப்புறம் ஏன் எடுக்கவில்லை? மணியை அடித்துவிட்டேன். “யாரு?” என்ற குரல் தரையிலிருந்து வந்தது. நானும் மண்டியிட்டுத் தபால் துளை வழியாகப் பேசினேன்.

“நான்தான், எதிர்வீட்டு ஹில்லெவி.”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் விழுந்துட்டேன்.”

“எப்போ?”

“நேத்து காலைல.”

“ஐயோ, நேத்து சாயங்காலம் நான் இங்கதானே நின்னேன்! ஒரு குரல் கொடுத்திருக்கலாமில்ல?”

“நீங்க நின்னது கேட்டுது. எதுக்குத் தொந்தரவுன்னு… நீங்க உள்ள போனதும் எழுந்துக்கலாம்னு இருந்தேன்.”

கட்டடக் காவலாளியைக் கூப்பிட்டேன், மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பெலும்பு முறிவு.

நான் அங்க இரக்கம் இரக்கம்னு பேசிட்டிருந்தப்போ அந்த மனுஷன் தரையில கெடந்திருக்காரு. கர்த்தாவே, இத்தனை வருஷமா நான் என்னத்தப் படிச்சேன்? அவரும் நானும் ஒரே ஜாதி. செத்தாலும் சத்தம் போடாமல்தான் சாவோம்.

நவம்பர் 23

மருத்துவமனைக்குப் போனேன்.

“என்னை சர்ச்சுக்கு இழுக்க வந்தீங்களா?”

“இல்ல, உங்க பேப்பர்லாம் கொண்டுவந்தேன்.”

“எல்லாம் பழசு” என்றார். ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டார்.

“பையில என்ன?”

“புத்தகம்.”

“எதைப் பத்தி?”

“அடுத்த வீட்டு மணிய அடிக்கறதப் பத்தி.”

“அதுக்கெல்லாமா புத்தகம் போடறாங்க?”

சிரித்துவிட்டேன். புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை.

டிசம்பர் 14

டைஸ்டோவை மறுபடி நடக்கப் பழக்குவதற்காக வேறு ஊர் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். எதிரே யாரும் இல்லை. இருந்தும் கிளம்பும்போது கதவில் காது வைக்கிறேன். விலகி நிற்பதற்குக்கூட ஒரு ஆள் இல்லாத வீடு எவ்வளவு பெரிதாக இருக்கிறது!

ஜனவரி 20

டைஸ்டோ வந்துவிட்டார், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு. காலையில் கதவருகே போனேன். எதிரே வண்டிச் சக்கரம் கிரீச்சிட்டு நின்றது. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பழையபடிதான். பேருந்து போயிற்று. உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 10

சளி மருந்து குடித்து அசந்து தூங்கியிருக்கிறேன். மணிச் சத்தத்தில் எழுந்தேன். ஓலவியின் அடக்கத்துக்குப் பூ கொண்டுவந்த பையனுக்குப் பிறகு என் வீட்டு மணியை யாரும் அடித்ததில்லை.

டைஸ்டோ நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, கோட்டெல்லாம் போட்டிருந்தார்.

“உங்க பேப்பர் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு.”

“மணி எட்டுதானே ஆகுது, டைஸ்டோ! தூங்கிட்டேன்.”

“தெரியும். ஏழு மணிலேர்ந்து நிக்கறேன். அடிக்கலாமா வேண்டாமான்னு.”

“உள்ள வாங்க, காபி போடறேன்.”

“தொந்தரவு இல்லையே?”

“தொந்தரவுதான். வாங்க.”

இரண்டு கோப்பை குடித்தார். மார்கெட்டாவிடம் சொல்ல வேண்டும், கேக்கைக் கொஞ்சம் பெரிதாகவே செய்யச் சொல்லி.