வக்கீலக்கா கோர்ட்டில் இல்லை

என் அன்பு அம்மா,

தேன்மொழி அக்காவின் கறுப்புக் கோட்டுத் தோளில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். அக்கா அதோடேயே கோர்ட்டுக்குப் போய் வந்தார்.

உனக்கு அவரைத் தெரியாது. நீ கண்மூடிய பிறகு நம் வக்கீல் ஆபீசில் சேர்ந்தவர். நான்கு வக்கீல்களில் அவர் ஒருவர்தான் பெண். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான், நீ உட்கார்ந்த நாற்காலியில் இருந்து டைப் அடிக்கிறேன், போன் எடுக்கிறேன். போன்தான் இன்னும் பயம். குரல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஆபீஸ் பழக்கம் மாறவில்லை. பகலெல்லாம் கோர்ட்டு, விளக்கு வைத்த பிறகுதான் கட்சிக்காரர்கள் வருவார்கள். அக்காவின் குழந்தைக்கும் அப்போதுதான் பசிக்கும். மாமியார் பார்த்துக்கொண்டாலும் ராத்திரிச் சோறு அக்கா கையில்தான் இறங்குமாம். சத்தமில்லாமல் போய் ஊட்டிவிட்டு ஓடி வருவார். "யாராச்சும் கேட்டா கோர்ட்டுல இருக்காங்கன்னு சொல்லிரு பாப்பா" என்பார்.

போன வாரம், ஜீவனாம்ச வழக்குக்காகக் கறம்பக்குடியிலிருந்து வந்த ஒரு பெரியம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு மணிக்கு எந்தக் கோர்ட்டு ஆத்தா தெறந்திருக்கு? ஜட்ஜையும் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளறையிலிருந்த சீனியர் சார் சிரிக்கவில்லை. அக்கா திரும்பியதும் கூப்பிட்டார்.

"சாயங்காலம் இருக்க முடியலைன்னா, பிள்ளை வளர்ற வரைக்கும் வீட்டுல இரும்மா."

"அதுவரைக்கும் என் கேசு காத்திருக்குமா சார்? காலையில எட்டு மணிக்கே வந்து என் கட்சிக்காரங்களப் பாக்குறேன். சாயங்காலம் போயிர்றேன்."

"காலையில யாரு வருவா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒரு மாசம் பாரு. ஆளு வரலைன்னா இந்த ஆபீசுக்குத் தோதுப்படாது."

எனக்கு உன் ஞாபகம் வந்தது. எனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்தாயே, விரலெல்லாம் ஸ்டாம்பு மையோடு. "ஆபீசுல பேங்க்குக்குப் போறேன்னுட்டு வந்தேன், வாயத் தெறந்துறாத" என்று சிரித்தாய். என்னைப் பார்க்க வந்ததை ஏன் மறைக்க வேண்டியிருந்தது, அம்மா? மச்சான் கல்யாணத்துக்குப் போகிற வக்கீல்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள்?

அக்கா வெளியே வந்தபோது சேலைத் தோளில் இன்னொரு பருக்கை. இந்த முறை காட்டிவிட்டேன். தட்டிவிட்டுச் சிரித்தார்.

"இனிமே கேட்டா என்னக்கா சொல்றது?"

"உள்ளதச் சொல்லு."

மறுநாள் இருட்டுகிற நேரம் போன் அடித்தது. அதே பெரியம்மா.

"வக்கீலம்மா இருக்காங்களா, இன்னமும் கோர்ட்டுலதானா?"

உள்ளே சார் இருந்தார். கதவு திறந்திருந்தது.

"இல்லங்க. பிள்ளைக்குச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போயிட்டாங்க. காலையில எட்டு மணிக்கு இருப்பாங்க." குரல் வெளியே வந்துவிட்டது.

"அத நேத்தே சொன்னா என்னத்தா? ராத்திரி பஸ்ஸுக்கு நிக்கிறதுதான் எனக்குப் பெரும்பாடு. காலையிலயே வாரேன்."

ஓர் ஆள்தான். மாதம் முடிய நாள் இருக்கிறது. இனி யார் தன் பிள்ளையைப் பார்க்கப் போனாலும், உள்ளதைத்தான் சொல்வேன், அம்மா.

போனை வைத்துவிட்டு சார் அறைக்குப் போனேன். "காலையில நானே தெறந்துக்கிறேன் சார்" என்று ஆபீஸ் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காய்ச்சல் என்று நீ பார்க்க வந்த
உன் மகள்